எழுபது வயதில் ஆர்கான் வெல்டிங்: நேரம் எங்கே கிடைக்கும்?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய அலுவலக நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பாருக்குக் கை நீட்டியபோது என் இடது சுண்டுவிரலில் இருந்த சின்னத் தழும்பைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார், சமையல் டிபார்ட்மெண்டையும் உங்ககிட்ட ஒப்படைச்சுட்டாங்களா?"

"அதுவும் உண்டு. ஆனா இது வெல்டிங்ல பட்டது" என்றேன்.

முதலில் சிரித்தார். நிஜம் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு நேரம் இருக்கு சார், செய்றீங்க. எனக்கு மூச்சு விட நேரமில்லை."

அவரும் என்னைப் போலப் பென்ஷன்காரர்தான். என்னைவிட இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை. உண்மையாகவே அவருக்கு நேரமில்லை. எனக்கும் இருக்கவில்லை. ஓய்வு பெற்றபின் பத்து வருஷம் எனக்கும் அந்த நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பத்து வருஷம் எங்கே போனது என்பதைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

முதலில் ஆசை எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் தகப்பனார் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. சிறு வயதில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவேன். கேட்டுக்கு உள்ளே, பழுது பார்க்கும் பட்டறையில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். "பாக்காதடா, கண்ணு போயிடும்" என்று வாட்ச்மேன் விரட்டுவார். பார்க்காதே என்றால் பார்க்கத்தானே தோன்றும்.

என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் சேர்த்திருந்தார்கள். பிரெவே பாஸ் செய்தால் சர்க்கார் நாற்காலி, பெயிலானால் பட்டறை என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. நான் பாஸ் செய்துவிட்டேன். பட்டறை கைவிட்டுப் போயிற்று. வகுப்பில் ஒருநாள் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'சூத்யூர்' என்ற சொல்லை விளக்கினார். உலோகத்தைப் பற்ற வைப்பது என்று ஒரு பொருள். பழைய விளைச்சல் தீர்ந்து புது விளைச்சல் வீடு வந்து சேரும்வரை குடும்பத்தை ஓட்டுவதற்கும் அதே சொல்தான். சம்பளத் தேதிக்கு முந்தைய வாரத்தில் எங்கள் அம்மா செய்துகொண்டிருந்தது அதுதான் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது.

பிறகு குமாஸ்தா உத்தியோகம். பில் செக்‌ஷனில் பல வருஷம் இருந்தேன். "எஸ்.எஸ். 304 கைப்பிடி, ஆர்கான் வெல்டிங் உட்பட, ரன்னிங் மீட்டர் இவ்வளவு" என்று காண்டிராக்டர்களின் பில் வரும். பெருக்கிப் பார்த்து, டிக் அடித்து, மேலே அனுப்புவேன். எத்தனை ஆயிரம் மீட்டர் ஆர்கான் வெல்டிங்கை என் பேனா பாஸ் செய்திருக்கும் என்று தெரியாது. ஒரு மீட்டரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டு, கிரில் செய்யும் கடைகளில் பொறி பறக்கக் குச்சி வைத்துப் பற்ற வைப்பார்களே, அது வேறு. ஆர்கான் வெல்டிங்கில் பொறி பறக்காது. புத்தகத்தில் இதற்கு டிக் வெல்டிங் என்று பெயர். டார்ச்சின் நுனியில் டங்ஸ்டன் ஊசி ஒன்று இருக்கும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால் ஊசி கரையாமல் நிற்கும். ஊசிக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் தீ நிற்கும். சுற்றிலும் ஆர்கான் வாயு இறங்கிக் காற்றை அண்டவிடாமல் காக்கும். தகட்டில் பச்சரிசி அளவுக்கு உலோகம் உருகிக் குளமாக நிற்கும். வலது கை அந்தக் குளத்தை நகர்த்த வேண்டும், இடது கை மெல்லிய கம்பியை அதில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை. வீணை வாசிப்பவர்களுக்கும் சப்பாத்தி தேய்ப்பவர்களுக்கும் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறேன். பேனா பிடித்தவனுக்கு வரவில்லை.

1941ல் அமெரிக்காவில் நார்த்ரப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மெக்னீசியத்தைப் பற்ற வைப்பதற்காக இந்த முறையை உருவாக்கினார். அவர் பயன்படுத்தியது ஹீலியம். இப்போது பெரும்பாலும் ஆர்கான். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான்தான். எதோடும் சேராது, எதையும் செய்யாது. அதனால் 1894ல் அதைக் கண்டுபிடித்தவர்கள் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள்பட அந்தப் பெயரை வைத்தார்கள். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "உங்களுக்குப் பொருத்தமான வாயுதான்" என்றாள்.

சரி, நேரத்துக்கு வருவோம்.

சர்வீஸில் இருந்தபோது ஈட்டிய விடுப்பு வருஷத்துக்கு 30 நாள். அதில் 300 நாள் வரை சேர்த்து வைத்து, ஓய்வு பெறும்போது காசாக்கிக்கொள்ளலாம். நான் 300 நாளையும் முழுசாகச் சேர்த்தேன். 2012ல் அந்தச் செக்கை வாங்கியபோது எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. லீவே எடுக்காத மனுஷன் என்று பிரிவுபசார விழாவில் மேலதிகாரி பாராட்டினார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று அந்தச் செக்கை நினைத்தால் வேறு மாதிரித் தோன்றுகிறது. நான் விற்றது நாற்பது வயதின், ஐம்பது வயதின் 300 நாட்களை. அப்போது என் கை நடுங்காது. கண்ணில் புரை இல்லை. ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்தாலும் முட்டி வலிக்காது. "எல்லாம் ரிடையர் ஆனப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளி வைத்தேன். ஆபீஸில் ஃபைலைப் பெண்டிங்கில் போட்டால் அது அப்படியே இருக்கும், பத்து வருஷம் கழித்துத் தூசி தட்டி எடுக்கலாம். கை அப்படி இல்லை.

ஓய்வு பெற்றபின் நேரம் வந்து குவியும் என்று நினைத்தேன். வந்தது. வந்த வேகத்தில் ஊரே எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்றவன் நேரம் புறம்போக்கு நிலம் மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து பந்தல் போடலாம். "நீங்க சும்மாதானே இருக்கீங்க, பேங்க்ல ஒரு கேஒய்சி குடுத்துட்டு வந்துடுங்க." "ரேஷன் கடையில கூட்டம் இல்லையாம், ஒரு எட்டுப் பாருங்க." பேரனை ஸ்கூலில் விட்டு அழைத்து வருவது, கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பது, நவம்பரில் உயிர்ச் சான்றுக்குக் கைரேகை வைப்பது, பென்ஷனர் சங்கக் கூட்டம், துக்கம் விசாரிப்பது. எங்கள் வயதில் இந்தக் கடைசி வேலைதான் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிறது.

இவற்றில் எதையும் தப்பு என்று சொல்லமாட்டேன். எல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் இருபது நிமிஷ வேலை. காலை ஒன்பதரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று நாள் துண்டு துண்டாகப் போய்விடும். மொத்தமாகக் கூட்டினால் நாலைந்து மணி நேரம் சும்மா இருந்திருப்போம். சேர்ந்தாற்போல் முக்கால் மணி நேரம் இருக்காது. தீயை மூட்டிவிட்டால் யாராவது கூப்பிட்டார்கள் என்று பாதியில் தலையைத் திருப்ப முடியாத வேலை இது.

எழுபது முடிந்த மாதம் ஒரு 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் வாங்கினேன். அதற்கு முன்பே கண்புரை அறுவை முடிந்து, ஆறியபின் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மெஷின் பக்கத்திலேயே போகக்கூடாது. என் வயதுக்காரர்கள் படிப்பதால் சொல்கிறேன்.) ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டுக்கு 60, 70 ஆம்பியர் போதும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு இழுக்கிற மின்சாரத்துக்கு மேல் போகாது.

கற்றுக்கொடுத்தது எஸ்.எஸ். ரெயிலிங் செய்யும் ஒரு பட்டறைத் தம்பி. வயது முப்பதுக்குள். போய்க் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "பென்ஷன் வருதே ஐயா, இது எதுக்கு உங்களுக்கு?" என்றார். கேலியில்லை. அவருக்கு இது சோறு. பகலெல்லாம் எடுபிடி வேலை பார்த்து, ராத்திரி முதலாளி போனபின் துண்டுத் தகட்டில் பழகிக் கற்றவர். பொழுதுபோக்காக ஒருவன் இதைக் கேட்டு வந்தால் அவருக்கு விளங்குமா? எனக்கே பதில் தெரியவில்லை. சின்ன வயசு ஆசை என்றேன். "சரி, ஞாயித்துக்கிழமை காலைல வாங்க" என்றார்.

காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால் அவர் மேசையில் பிரிக்காத கவர்கள் குவிந்து கிடந்தன. தொழில் பதிவு, வங்கிக் கடன் விண்ணப்பம், மகளின் ஸ்கூல் ஃபாரம். "இதை நான் பாத்துக்கறேன் தம்பி" என்றேன். ஞாயிறு இரண்டு மணி நேரம் அவர் எனக்கு வெல்டிங், ஒரு மணி நேரம் நான் அவருக்குக் குமாஸ்தா. என் முப்பத்தொன்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு மதிப்பாக என் வேலையை யாரும் வாங்கிக்கொண்டதில்லை.

வீட்டில் பழகத்தான் நேரம் வேண்டும். நான் பில் பார்த்தே வளர்ந்தவன், கணக்குப் போட்டேன். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் 1,500 லிட்டர் ஆர்கான் இருக்கும். நிமிஷத்துக்கு 7 லிட்டர் செலவு. ஆக 214 நிமிஷம், மூன்றரை மணி நேரம். ஒரு சிலிண்டர் என்றால் மூன்றரை மணி நேரத் தீ, அவ்வளவுதான். முள் இறங்க இறங்க நேரம் செலவாவது கண்ணுக்குத் தெரியும். கடிகாரம் இதைக் காட்டாது. கடிகாரத்தில் போன நிமிஷம் இலவசம் போலத் தோன்றும்.

அந்தக் கணக்கில் எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு நாளைக்கு 15 நிமிஷம் தீ இருந்தால் போதும். அதற்கு மேல் என் கண்ணும் கையும் தாங்காது. ஆனால் அந்த 15 நிமிஷத்துக்குப் பின்னால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. தகடு வெட்ட வேண்டும், பிசிறு அராவ வேண்டும், அசிட்டோன் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும், ஊசியைச் சீவ வேண்டும். ஊசி குளத்தைத் தொட்டுவிட்டால் நுனி கெட்டுவிடும், மறுபடி சீவாமல் வேலை நடக்காது. முதல் மாதம் நான் நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டேன்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். துண்டு நேரத்தில் செய்யக்கூடியவை ஒரு பக்கம். துடைப்பது, அராவுவது, பத்துப் பன்னிரண்டு ஊசியை மொத்தமாகச் சீவி டப்பாவில் போடுவது. இதை மாலையிலோ, கேஸ்காரருக்குக் காத்திருக்கும்போதோ செய்துவிடலாம். யாராவது கூப்பிட்டால் எழுந்து போகலாம். (சிவப்பு முனை ஊசியில் தோரியம் உண்டு. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. நான் லாந்தனம் சேர்த்த ஊசியைத்தான் வாங்குகிறேன்.) தீ வைக்கும் நேரம் மட்டும் தனி. காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. மதியத்துக்கு மேல் எங்கள் ஊரில் கடல் காற்று வந்துவிடும். அது ஆர்கானைக் கலைத்துவிட்டால் வெல்டிங் கறுத்து, பொத்தல் விழும். ஃபேனும் போடக்கூடாது. மே மாதம் ஹெல்மெட்டுக்குள் குளித்துவிடுவேன்.

இப்படி ஏற்பாடு செய்ததில் எனக்கு ரொம்பத் திருப்தி. மூன்று மாதம் ஓடியது. ஒருநாள் காலை, கோடு ஒன்று நேராக வந்துவிட்டது. வைக்கோல் நிறத்தில், அடுக்கிய காசு போல. ஷெட்டிலிருந்து ஓடிவந்து என் மனைவியிடம் காட்டினேன். "நேரமே இல்லை நேரமே இல்லைன்னு சொல்லிட்டிருந்தேன். கண்டுபிடிச்சுட்டேன் பாத்தியா?" என்றேன்.

அவள் தகட்டை வாங்கிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு சொன்னாள்: "நீங்க உள்ள இருக்கும்போது மூணு தடவை பெல் அடிச்சுது. பால்காரர், பேப்பர்காரர், மோட்டார் ரிப்பேர்காரர். மூணு தடவையும் நான்தான் அடுப்பை அணைச்சுட்டுப் போனேன். உங்களுக்கு ரிடையர்மெண்ட் ஆர்டர் வந்துச்சு. எனக்கு யார் போடுவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. பாலை மறுபடி அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தகட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று முழுக்க யோசித்தேன். நான் நேரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், கேட்காமல். ஆபீஸில் ஒருவர் லீவு போட்டால் அந்த டேபிள் வேலையைப் பக்கத்து டேபிள்காரர் பார்ப்பார். அதற்காகத்தான் விண்ணப்பம், சிபாரிசு, சாங்ஷன் என்று இத்தனை சடங்கு. வேலையை யார் சுமக்கப் போகிறார் என்பது எழுத்தில் இருக்கும். வீட்டில் அந்தச் சடங்கே கிடையாது. சுமப்பவர் மட்டும் இருப்பார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம். காலை முக்கால் மணி நேரம் என்னுடையது. அதற்குப் பதிலாக மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழேகால் வரை அடுப்படி, வாசல், பேரன் எல்லாம் என் பொறுப்பு. ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அவளும் இரண்டு சினேகிதிகளும் அங்கே நடக்கப் போகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை. நாற்பது வருஷத்தில் அவள் எங்கேயும் வேலையில்லாமல் போனதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வாரம் என் உப்புமா கட்டி தட்டியது. இப்போது பரவாயில்லை என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் நான் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன். பழைய பாக்கி இருக்கிறதே, அதில் கழித்துக்கொள்ளட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். தேதி, ஆம்பியர், தீ எரிந்த நிமிஷம். முதல் வருஷம் 204 நாள், மொத்தம் 52 மணி நேரம், 16 சிலிண்டர். என் கையிலிருந்து உருப்படியாக வெளியே வந்தவை இரண்டு பூந்தொட்டி ஸ்டாண்டும், கைப்பிடி கழன்ற நாலு பாத்திர மூடிகளும். பட்டறைத் தம்பி இதை ஒரு நாளில் முடித்திருப்பார். வலது கையில் லேசான நடுக்கம் வேறு வந்திருக்கிறது. வயசுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். தம்பியிடம் சொன்னேன். "கையைத் தூக்கிப் பிடிக்காதீங்க ஐயா, சுண்டுவிரலை எங்கயாவது ஊனுங்க" என்றார். ஊன்றிக்கொண்டால் நிற்கிறது. சுண்டுவிரல் தழும்புக்குக் காரணம் அதுதான், சூடு ஆறாத இடத்தில் ஊன்றிவிட்டேன்.

எத்தனை வருஷம் இந்தக் கை நிற்கும் என்று தெரியாது. அதனால்தான் இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். விடுப்பு முழுவதையும் காசாக்காதீர்கள். வருஷத்துக்குப் பத்து நாளாவது எடுத்து, ஆசைப்பட்டதைக் கற்றுக்கொள்ளுங்கள். வெல்டிங்தான் என்றில்லை. ஓய்வு பெற்றபின் நேரம் வரும், ஆனால் அது யார் பெயருக்கும் எழுதாத நேரம். முதலில் கேட்பவர் கொண்டுபோவார். நீங்களே உங்கள் பெயருக்கு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதும்போது, அந்த நேரத்தில் உங்கள் வேலையைச் செய்யப்போவது யார் என்று பார்த்து, அவருக்கும் ஒரு மணி நேரம் எழுதி வையுங்கள்.

கல்யாண வீட்டு நண்பர் நேற்று போன் செய்தார். ஒருநாள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். "தாராளமா வாங்க. காலை ஆறு மணிக்கு வரணும். ஆறே முக்காலுக்கு மேல வந்தா காபி மட்டும்தான்" என்றேன். "அவ்வளவு காலையிலயா?" என்று இழுத்தார்.

"வர்றதுக்கு முன்னால வீட்டில் கேட்டுட்டு வாங்க சார்" என்றும் சொல்லி வைத்தேன்.